தராசு பொய் சொன்ன வருடம்

“ஜூன் 10, திங்கள். காலை 8.40. மழை விட்டு விட்டு. டேஸ்ட்டர் 70.4. தராசு மறுபடியும் பொய் சொல்கிறது. மெக்கானிக்கை வரச்சொல்ல வேண்டும்.”

இரண்டு வருடங்களுக்கு முந்தைய என் குறிப்பேட்டில் உள்ள வரி இது. தேதி சரி, நேரம் சரி, மழை சரி, எடையும் சரி. மிச்சமிருக்கும் இரண்டு வாக்கியங்களும் தவறு. தினமும் எழுதுகிறவன் எப்போதாவது தவறும் எழுதத்தான் செய்வான். ஆனால் இந்தத் தவறை நான் மாதக்கணக்கில், திங்கள்தோறும், தெளிவான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். இப்போது அதை நினைத்துச் சிரிக்க முடிகிறது என்பதால்தான் இதை எழுதவே துணிகிறேன்.

நான் வேலை பார்ப்பது மட்டாஞ்சேரி பஜார் சாலையில், பின்வாசல் காயலில் இறங்கும் ஒரு தேயிலைக் கிடங்கில். கீழே மூட்டைகளும் தராசும் கலவை இயந்திரமும். மேலே, வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலின் கீழ், ருசி பார்க்கும் அறை. மலையிலிருந்து வந்த ஒவ்வொரு தேயிலைக்கும் ஒரு கோப்பை என்று நீண்ட மேசையில் வரிசையாக வடித்து வைத்திருப்பார்கள். டேஸ்ட்டர் கரண்டியில் எடுத்து, தெருவுக்கே கேட்கும்படி உறிஞ்சி, வாயில் ஒரு சுற்றுச் சுற்றி, சக்கரம் வைத்த தொட்டியில் துப்பிவிட்டு, ஒரு சொல் சொல்லி அடுத்த கோப்பைக்கு நகர்வார். இரண்டடி பின்னால் நடந்துகொண்டே அந்தச் சொல்லை எழுதுவது என் வேலை. நிறம், தடிப்பு, துடிப்பு என்று கம்பெனிக்கு அளவான சொற்கள் உண்டு. எங்கள் டேஸ்ட்டரிடமிருந்து அவை நேராக வருவதில்லை. “கல்யாண மண்டபத்துச் சாயா. நிறம் இருக்கு, மனசு இல்ல” என்பார். இன்னொரு கோப்பையில் கரண்டியை வைத்த உடனே, “இத வறுத்தவன் வீட்டுல சண்டை போட்டுட்டு வந்திருக்கான்” என்பார். நான் கட்டத்துக்குள் கம்பெனிச் சொல்லை மையால் எழுதிவிட்டு, அவர் சொன்னதை ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வேன். யாரும் கேட்டு எழுதியதல்ல. எனக்கு எதையும் தேதி போட்டு வைக்காமல் விட முடியாது. அதனால்தான் அவர் எனக்குப் பஞ்சாங்கம் என்று பெயர் வைத்தார். அவருக்கு அப்போது முப்பத்தாறு வயது, எனக்கு ஐம்பத்தெட்டு. ஆனாலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது அதில் மரியாதைக் குறைவு இருந்ததில்லை. பாலக்காட்டிலிருந்து வந்து இரண்டு தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது. தமிழில் பேசுவார், மலையாளத்தில் எழுதுவார், இரண்டிலும் கேலி செய்வார்.

கிடங்கில் ஒரு திங்கட்கிழமை வழக்கம் இருந்தது. வாரத்தின் முதல் லாரி வருமுன் தராசைச் சோதிக்க வேண்டும். அதற்கென்று இருபது இருபது கிலோவாக இரும்பு எடைக்கற்கள் உண்டு. அவை கிடங்கின் மறுகோடியில் பூட்டிய அறையில் இருந்தன, தூக்கி வர யாருக்கும் மனம் வராது. டேஸ்ட்டர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு திங்களன்று விளையாட்டாகத் தராசின் மேடையில் ஏறி நின்றார். சிவப்பு எண்ணில் 74 என்று வந்தது. அடுத்த திங்களும் 74. காலையில் இட்லி என்றால் நூறு கிராம் கூடும், புட்டும் பழமும் என்றால் இருநூறு. எட்டு வருடம் இப்படியே போயிற்று. எங்கள் தராசுக்காரர் பள்ளுருத்தியிலிருந்து சைக்கிளில் வருகிறவர்; அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கியவர். மனிதர்களைவிடத் தராசை நம்புகிறவர், தராசைவிட டேஸ்ட்டரை நம்ப ஆரம்பித்துவிட்டார். “டேஸ்ட்டர் சாரே, வந்து ஏறிக்கோங்க. எழுவத்திநாலு கிலோ கல்லு தானா நடந்து வரும்போது எந்தினா இரும்பு?” என்று அவர் கூப்பிடுவதும், இவர் செருப்பைக் கழற்றிவிட்டு இரு கைகளையும் கூப்பியபடி மேடையேறுவதும், நான் எண்ணைக் குறித்துக்கொள்வதும்தான் எங்கள் வாரத் தொடக்கம்.

அந்த ஜனவரி முதல் தேதி திங்களாக அமைந்தது. 74.1 என்று எழுதியிருக்கிறேன். மார்ச் முதல் திங்களில் 73.1. மே 6-ஆம் தேதி 71.8. எடைக்கல் எப்படிக் குறையும்? ஆகவே தராசு கெட்டுவிட்டது என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தோம். தராசு குறைத்துக் காட்டினால் மூட்டைக்கு மூட்டை கூடுதல் தேயிலை வெளியே போகிறது என்ற பதற்றத்தில் தராசுக்காரருக்கு உறக்கம் கெட்டது. எர்ணாகுளத்திலிருந்து மெக்கானிக்கை மூன்று முறை வரவழைத்தார். அந்த மனிதர் தன் எடைக்கற்களைக் காரிலிருந்து இறக்கி, ஏற்றி, பார்த்துவிட்டு, மூன்று முறையும் தராசு சரியாக இருக்கிறது என்றே சொன்னார்.

“உங்க கல்லு தேஞ்சுபோச்சு சேட்டா” என்றார் தராசுக்காரர். “எங்களோடது சாப்பிட்டு வளர்ற கல்லு, கேட்டோ.”

“வளர்ற கல்லுன்னா குறையவும் செய்யும்தானே?” என்றார் மெக்கானிக்.

எல்லோரும் சிரித்தோம். டேஸ்ட்டர்தான் அதிகமாகச் சிரித்தார். “மே 20, மெக்கானிக் நல்ல தமாஷ்காரர்” என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். ஒருவர் உண்மையை எங்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு போன நாள் அது.

அந்த மாதங்களில் மேலே நடந்தவற்றையும் நான் எழுதாமல் விடவில்லை. டேஸ்ட்டருக்கு அடிக்கடி வாய்ப்புண் வந்தது. ஆறும், பத்து நாளில் வேறோர் இடத்தில் திரும்ப வரும். நாள் முழுவதும் சூட்டைச் சுழற்றும் வாய்க்குப் புண் வராமல் எப்படி இருக்கும் என்றோம். வரிசையின் நடுவே கரண்டியை வைத்துவிட்டு மாடிப்படியில் இறங்கி ஓடுவார். “22-ஆம் கோப்பையில் நிறுத்தம், பன்னிரண்டு நிமிடம்” என்று ஓரத்தில் குறித்திருக்கிறேன். வெறும் வயிற்றில் இத்தனை தேநீர் பட்டால் வயிறு சும்மா இருக்குமா என்றோம். அவர் பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் குடித்தார், இஞ்சி தட்டிப் போட்ட சம்பார மோர் குடித்தார், யாரோ சொன்னார்கள் என்று மாதுளைத் தோலைக் காய்ச்சிக் குடித்தார். இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் ஓடுவார். சாப்பாட்டுக்குப் பின் வலப்பக்க அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஜன்னல் திண்டில் சாய்ந்து நிற்பார், அது வாயு. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். அது கொச்சியின் புழுக்கம். மாடிப்படி ஏறும்போது முட்டியைப் பிடித்துக்கொள்வார். அது மாடிப்படியின் குற்றம், அது பழைய மரப்படி. ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. அவரே எங்களை முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார், அதுவும் சிரிக்கச் சிரிக்க. வலியை இத்தனை சுவாரஸ்யமாகச் சொல்கிறவருக்கு வலி பெரிதாக இருக்காது என்று நான் நினைத்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஜூலை 15, திங்கள். 68.2. தராசுக்காரர் செருப்பை வீசாத குறை. “இனி இந்தச் சவத்துல நான் நிறுக்க மாட்டேன். கம்பெனிக்கு லெட்டர் எழுதுங்க சாரே, புதுசு வேணும்” என்றார். கடிதம் என்றால் என் வேலை. ஆதாரமில்லாமல் கடிதம் எழுதுவது எனக்குப் பிடிக்காது. தராசு எவ்வளவு பொய் சொல்கிறது என்று காட்ட, மூட்டைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். மலைத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் ஒவ்வொரு மூட்டையின் மேலும் அதன் எடை அச்சிடப்பட்டிருக்கும். எங்கள் தராசு காட்டிய எடையை அதன் பக்கத்தில் எழுதுவோம். ஜனவரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு எண்களுக்கும் நடுவே நூறு கிராம் வித்தியாசம்கூட எங்கும் இல்லை. பிப்ரவரியில் இல்லை, மே மாதத்தில் இல்லை, அன்று காலை இறங்கிய லாரியிலும் இல்லை. தராசு ஒரு நாளும் பொய் சொல்லியிருக்கவில்லை.

கடிதத்துக்காக எடுத்த தாளை அப்படியே வைத்துவிட்டு, ருசிப் பதிவேடுகளைக் கொண்டு வரச்சொன்னேன். ஓரத்துப் பென்சில் குறிப்புகளில் டேஸ்ட்டரின் சொற்களைத் தள்ளிவிட்டு, அவர் உடம்பைப் பற்றியவற்றை மட்டும் தேதி வரிசையில் எழுதினேன். வாய்ப்புண் வந்த நாட்கள், வரிசை நின்ற நாட்கள், எத்தனை நிமிடம், சாப்பாட்டுப் பாத்திரம் திறக்கப்படாமல் வீட்டுக்குப் போன நாட்கள், உடம்பு சுட்ட நாட்கள். பக்கத்தில் திங்கட்கிழமை எடைகள். இரண்டு தாள் நிறைந்தன. தனித்தனியாகப் பார்த்தபோது ஒவ்வொன்றும் எங்கள் ஊரில் யாருக்கும் வரக்கூடியது. ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தபோது எல்லாம் ஒரே ஆளின் ஒரே நோயாகத் தெரிந்தன.

மதியம் பின்வாசல் படியில், காயலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரிடம் தாள்களைக் கொடுத்தேன். “என்ன பஞ்சாங்கம், என் ஜாதகமா?” என்று வாங்கினார். முதல் தாள் முடியும்வரை சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தாளில் பாதிவரை வந்ததும் சிரிப்பு நின்றது. தாளை என் பக்கம் திருப்பி, “இதுல ரத்தம் போனத எழுதலையே” என்றார்.

“எனக்குத் தெரியாதே.”

“எழுதிக்கோங்க. பக்ரீதுக்கு முன்னாடி ரெண்டு வாட்டி. போன வாரம் ஒரு வாட்டி.”

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். “வயிறு கெட்டவன்னு மேல தெரிஞ்சா மேசை முன்னாடி நிக்க விடுவாங்களா? எனக்கு வேற என்ன தெரியும்? நாக்க எடுத்துட்டா நான் வெறும் எழுவத்துநாலு கிலோ, அவ்வளவுதான்.”

பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தராசுக்காரர் தொண்டையைச் செருமினார். “அதும் இல்ல சாரே. அறுவத்தெட்டு பாயிண்ட் ரெண்டு.”

டேஸ்ட்டர் திரும்பிப் பார்த்தார். பிறகு மூவரும் சிரித்தோம். தராசுக்காரர் சிரித்துக்கொண்டே அழவும் செய்தார். அடுத்த நாளே போன் செய்து, டாக்டரைப் பார்க்கத் தேதி வாங்கினோம்.

ஜூலை 25, வியாழன், போட்டில் எர்ணாகுளம் போனோம். டேஸ்ட்டர், அவர் மனைவி, நான். அவர் மனைவி தேவராவில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். போட் நகர்ந்ததும் என் தாள்களை வாங்கிப் படித்துவிட்டு, விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு, “ராத்திரி எங்க?” என்று கேட்டார். இரவில் நடப்பது எனக்கு எப்படித் தெரியும்? அவரே சொன்னார்: “டெய்லி ராத்திரி ரெண்டு தடவ, மூணு தடவ எழுந்துபோறார். கேட்டா பூனைய விரட்டப் போனேங்கறார். அண்ணா, நாங்க இருக்கறது நாலாவது மாடி. எங்க ஃப்ளாட்ல ஜன்மத்துக்கும் பூனை வந்ததில்ல.” டேஸ்ட்டர் தண்ணீரைப் பார்த்தபடி, “வராம நான்தானே பாத்துக்கறேன்” என்றார். நான் அதையும் தாளில் சேர்த்துக்கொண்டேன். பூனையை அல்ல, எழுந்த எண்ணிக்கையை.

டாக்டர் அம்மையார் மலையாளத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். முதல் கேள்வி, “எப்போது தொடங்கியது?” டேஸ்ட்டர் மாம்பழக் காலம் என்றார். அவர் மனைவி, இல்லை, மார்கழித் திருவாதிரைக்கே களி வேண்டாமென்று தள்ளிவிட்டார் என்றார். நான் முந்தைய வருடம் நவம்பரில் முதல் வாய்ப்புண் என்றேன். டாக்டர் மூன்று பதில்களையும் எழுதிக்கொண்டு, தாள்களை வாங்கிச் சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டே போனார். எடையைச் சுழித்தார், சாயங்காலக் காய்ச்சலைச் சுழித்தார், இரவில் வயிறு எழுப்பிவிடுவதை இரண்டு முறை சுழித்தார். வெறும் அஜீரணம் தூங்குகிறவரை இப்படித் தினமும் எழுப்பாது என்றார். வாய்ப்புண்ணையும் முட்டி வலியையும்கூடச் சுழித்தபோது நான் வியந்தேன். “குடலில் நடப்பதைச் சிலருக்கு வாயும் மூட்டும் கண்ணும்கூடச் சொல்லும்” என்றார். ஆனால் நோயின் பெயரை அன்று சொல்ல மறுத்துவிட்டார். குடல் காசநோயும் கிட்டத்தட்ட இதே வேஷத்தில் வரும், சோதிக்காமல் பெயர் வைக்கக் கூடாது என்றார். ரத்தம், மலம், ஸ்கேன், குழாயில் கேமரா வைத்துக் குடலைப் பார்ப்பது, அங்கிருந்து சிறு துணுக்குகள் எடுத்து ஆய்வு என்று சில வாரங்கள் போயின. குறிப்பேடு வைத்திருக்கும் யாரும் தன்னை டாக்டராக நினைத்துக்கொண்டுவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். என் இரண்டு தாள்கள் அவரை அந்த நாற்காலிவரை கொண்டுபோயின. கண்டுபிடித்தது சோதனைகள்தான்.

க்ரோன் நோய் என்றார்கள். உடம்பின் காவலாளியே ஆள் தெரியாமல் சொந்தக் குடலை அடித்து அங்கங்கே புண்ணாக்குகிற நோய் என்று டாக்டர் விளக்கினார். தேநீரால் வந்ததல்ல, யாருக்கும் தொற்றாது. அடியோடு போக்க இன்று மருந்தில்லை. ஆனால் அடக்கி உறங்க வைக்கலாம், சீக்கிரம் கண்டுகொண்டால் குடல் சுருங்கி அடைத்துக்கொள்வது போன்ற பெரிய சேதங்களைப் பெரும்பாலும் தள்ளிப்போடலாம் என்றார். டேஸ்ட்டரின் மனைவி ஒரு நோட்டில் பதினோரு கேள்விகள் எழுதி வந்திருந்தார். டேஸ்ட்டரிடம் ஒரே கேள்விதான் இருந்தது.

“நாக்கு?”

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். “நாக்குக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறது, அதற்கு என்னிடம் மருந்தில்லை.”

மாத்திரைகள் தொடங்கின, பிறகு ஊசி. வயிறு அடங்கும்வரை தேநீர் கூடாது என்றதால் நீண்ட விடுப்பு. மேசைக்குத் தற்காலிகமாக வந்தவர் நல்ல மனிதர், திறமைசாலி, கம்பெனிச் சொற்களை மட்டுமே சொல்கிறவர். அந்த மாதங்களில் என் பதிவேட்டின் ஓரங்கள் வெள்ளையாகவே இருக்கின்றன. தராசுக்காரர் இப்போது திங்கள்தோறும் இரும்புக் கற்களைத் தானே சுமந்து வந்து சோதித்தார். ஆயுத பூஜைக்குத் தராசுக்கு மட்டும் இரட்டை மாலை போட்டு, சந்தனம் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி, “தப்பா பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத” என்றார். மெக்கானிக்கையும் அழைத்திருந்தார். அவருக்கும் ஒரு மாலை.

நவம்பர் 20, புதன், டேஸ்ட்டர் திரும்பி வந்தார். விழுங்காமல் துப்புகிற தேநீர்தானே, பார்க்கலாம் என்று டாக்டர் அனுமதித்திருந்தார். கம்பெனி அவரை எடுத்துவிடவில்லை, ஆனால் முதல் நாள் மேலதிகாரி ஒருவர் வந்து ஓரமாக நின்றார். அன்றைக்கு இருபத்தெட்டுக் கோப்பைகள். தராசுக்காரருக்கு மாடியில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. ஜன்னலைத் துடைப்பதாகச் சொல்லிக்கொண்டு நின்றார். கலவை இயந்திரம் ஓட்டுகிறவர்கள் படியில் நின்றார்கள். டேஸ்ட்டர் ஏப்ரனைக் கட்டினார், கரண்டியை எடுத்தார், முதல் கோப்பையின் மேல் குனிந்தார். ஆவியில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு உறிஞ்சினார், பழைய சத்தம், தெருவுக்குக் கேட்கிற சத்தம்.

பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எந்தச் சொல்லும் வரவில்லை. இரண்டாம் கோப்பைக்கும் நகரவில்லை.

“எழுதுங்க, பஞ்சாங்கம்” என்றார் கடைசியில். “சாயா.”

கட்டத்துக்குள் அப்படி ஒரு கம்பெனிச் சொல் கிடையாது. மையாலேயே எழுதினேன். மேலதிகாரி எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார். இரண்டாம் கோப்பையில் “இவன் இன்னும் வீட்டுல சண்டை போட்டுட்டுதான் வறுக்கறான்” என்று கேட்டதும், தராசுக்காரர் துடைத்த ஜன்னலையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார். இருபத்தெட்டும் நடுவில் நிற்காமல் முடிந்தது. நாற்பத்தொரு நிமிடம்.

அவர் இன்றும் அந்த மேசையில்தான் நிற்கிறார். நோய் உறங்குகிறது, இடையில் ஒரு முறை புரண்டு படுத்தது, அந்த வாரமே டாக்டரிடம் போனார், தானாகவே. நான் எழுதியவற்றில் ஒன்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அன்று முதல் கோப்பைக்குப் பிறகு தொட்டியில் துப்பிய சத்தம் கேட்கவே இல்லை, டேஸ்ட்டர் அதை விழுங்கிவிட்டார் என்று தராசுக்காரர் சத்தியம் செய்கிறார். தொழில் தெரிந்த எந்த டேஸ்ட்டரும் விழுங்கமாட்டான், தன் மானத்தை வாங்க வேண்டாம் என்று இவர் மறுக்கிறார். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறிப்பேட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்: “கோப்பை 1: விழுங்கியதாகச் சொல்லப்படுகிறது. சரிபார்க்கப்படவில்லை.”